எழுதும் இடத்திலிருந்தே பிடிஎஃப்பைத் திறக்க: வாசகர் கேள்வி-பதில்

துணைநூற்பட்டியலை ஸோட்டெரோ, ஜாப்ரெஃப் போன்ற மேற்கோள் மேலாண்மை நிரலில் வைத்துக்கொண்டு, ஆய்வேட்டை இமேக்ஸ், விம் போன்ற வேறொரு எடிட்டரில் எழுதுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில். மெனு, கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும். தட்டும்போதும் ஆங்கிலத்திலேயே தட்ட வேண்டும்.

கேள்வி: இமேக்ஸில், லேடெக் என்ற அச்சுக்கோப்பு நிரல் கொண்டு ஆய்வேடு எழுதுகிறேன். சமணர் மலை, மாங்குளம், அரிட்டாபட்டி கல்வெட்டுகள் தொடர்பான பிடிஎஃப்கள் அறுநூறு வரை ஸோட்டெரோவில் சேர்ந்துவிட்டன. ஒரு மேற்கோளைச் சரிபார்க்க ஒவ்வொரு முறையும் ஸோட்டெரோவுக்குப் போய்த் தேடித் திறக்க வேண்டியிருக்கிறது. கர்சர் நிற்கும் மேற்கோளின் பிடிஎஃப் அங்கேயே திறக்காதா?
— ஆய்வு மாணவி, நாகமலை புதுக்கோட்டை

திறக்கும். ஆனால் ஒன்றை முதலில் மனதில் வையுங்கள்: உங்கள் எடிட்டருக்கு ஸோட்டெரோ என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது படிப்பது, நூல் விவரங்களை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் பிப் கோப்பை மட்டும்தான். கர்சருக்குக் கீழே இருக்கும் மேற்கோள் குறியை (ஒவ்வொரு நூல் பதிவுக்கும் உள்ள குறும்பெயர்) எடுத்து, பிப் கோப்பில் அதே குறியுள்ள பதிவைத் தேடி, அந்தப் பதிவில் 'ஃபைல்' என்று தொடங்கும் வரியில் எழுதியிருக்கும் பாதையை எடுத்து, அதை ஒரு பிடிஎஃப் நிரலிடம் கொடுக்கிறது. இந்த நான்கு கண்ணியில் ஒன்று அறுந்தாலும் எதுவும் திறக்காது.

முதல் வேலை, ஸோட்டெரோவில் பெட்டர் பிப்டெக் என்ற பிளக்-இன் போடுவது. ஸோட்டெரோவே பிப் கோப்பு தரும் என்றாலும், பெட்டர் பிப்டெக் இருந்தால்தான் மேற்கோள் குறி நிலையாக நிற்கும், பிப் கோப்பும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அதன் எக்ஸ்பிஐ கோப்பை இறக்கும்போது ஃபயர்ஃபாக்ஸில் நேரடியாகச் சொடுக்காதீர்கள். அது தனக்கு வந்த நீட்சி என்று நினைத்து ஃபயர்ஃபாக்ஸிலேயே நிறுவப் பார்த்து, பிழை காட்டும். வலது சொடுக்கு செய்து 'சேவ் லிங்க் அஸ்' கொடுத்துச் சேமியுங்கள். பிறகு ஸோட்டெரோ 7-இல் டூல்ஸ், பிளக்-இன்ஸ், பல்சக்கரப் படம், 'இன்ஸ்டால் பிளக்-இன் ஃப்ரம் ஃபைல்'.

அடுத்து, ஆய்வுக்கான கலெக்‌ஷன் மேல் வலது சொடுக்கு செய்து 'எக்ஸ்போர்ட் கலெக்‌ஷன்' கொடுங்கள். வடிவம் 'பெட்டர் பிப்லேடெக்'. 'கீப் அப்டேட்டட்' என்ற கட்டத்தில் டிக் வையுங்கள். 'எக்ஸ்போர்ட் ஃபைல்ஸ்' கட்டத்தில் வைக்காதீர்கள். அதில் டிக் வைத்தால் பிடிஎஃப் அனைத்தும் இன்னொரு பிரதியாகப் புதிய ஃபோல்டரில் கொட்டப்படும். நீங்கள் ஸோட்டெரோவில் அடிக்கோடிடுவது ஒரு பிரதி, எடிட்டர் திறப்பது வேறு பிரதி என்று ஆகிவிடும். பிப் கோப்பை ஆய்வேடு இருக்கும் ஃபோல்டரிலேயே சேமித்து, பிறகு இடம் மாற்றாமல் விடுங்கள். இடம் மாற்றினால் ஸோட்டெரோ பழைய இடத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும். புதிய இடத்தில் உள்ளது பழைய கோப்பாகவே நின்றுவிடும். தானாகப் புதுப்பிப்பது ஸோட்டெரோ திறந்திருக்கும்போது மட்டும்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

இமேக்ஸ் பக்கத்தில் சிட்டார் என்ற தொகுப்பு போதும். இமேக்ஸ் தொகுப்புகள் கிடைக்கும் மெல்பா களஞ்சியத்தைச் சேர்த்துவிட்டு, ஆல்ட்+எக்ஸ் அழுத்தி பேக்கேஜ்-இன்ஸ்டால் கொடுத்து நிறுவுங்கள். அமைப்புக் கோப்பில் 'சிட்டார்-பிப்லியோகிராஃபி' என்ற மாறிக்கு பிப் கோப்பின் முழுப் பாதையைப் பட்டியலாகக் கொடுக்க வேண்டும். விண்டோஸ்காரர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்: பாதையைப் பின்சாய்கோட்டில் எழுதினால், லிஸ்ப் அதைத் தனிக்குறியாக விழுங்கிவிடும். முன்சாய்கோட்டிலேயே எழுதுங்கள், விண்டோஸிலும் இமேக்ஸ் அதை ஏற்கும்.

இனி கர்சரை மேற்கோள் குறிமேல் வைத்து 'சிட்டார்-ட்விம்' கட்டளையை ஓட்டினால், அந்தப் பதிவுக்குரிய கோப்பு, குறிப்பு, இணைய முகவரி எல்லாம் பட்டியலாக வரும். கர்சர் எங்கே இருந்தாலும் நூலைத் தேடித் திறக்க 'சிட்டார்-ஓப்பன்'. கோப்பு மட்டும் போதும் என்றால் 'சிட்டார்-ஓப்பன்-ஃபைல்ஸ்'. முதல் கட்டளையை ஒரு குறுக்குவிசையில் கட்டிவிடுங்கள். நாளைக்கு ஐம்பது முறை ஆல்ட்+எக்ஸ் தட்டுவது விரலுக்குக் கேடு.

பிடிஎஃப் இமேக்ஸுக்குள்ளேயே மெதுவாகத் திறந்தாலோ, படமே வராமல் கிறுக்கல் எழுத்துகளாகத் தெரிந்தாலோ சிட்டார்மேல் தவறில்லை. இமேக்ஸில் பிடிஎஃப்பைக் காட்டும் டாக்வியூ, பக்கங்களைப் படமாக மாற்ற கோஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற வெளிநிரலை நம்பியிருக்கிறது. விண்டோஸில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. 'சிட்டார்-ஃபைல்-ஓப்பன்-ஃபங்ஷன்ஸ்' மாறியில் பிடிஎஃப் என்ற நீட்டிப்புக்கு 'சிட்டார்-ஃபைல்-ஓப்பன்-எக்ஸ்டர்னல்' என்று சேர்த்துவிட்டால், கணினியில் வழக்கமாகப் பிடிஎஃப் திறக்கும் நிரலிலேயே திறக்கும். ஸ்கேன் செய்த பழைய நூல்களைப் படிக்க இதுவே மேல்.

கேள்வி: எல்லாம் அமைத்துவிட்டேன். பட்டியலில் நூல் பெயர் வருகிறது. திறக்கச் சொன்னால் சிலவற்றுக்குக் கோப்பே இல்லை என்கிறது, சிலவற்றுக்கு பிடிஎஃப்புக்குப் பதில் இணையப்பக்கம் திறக்கிறது. ஸோட்டெரோவில் பார்த்தால் பிடிஎஃப் இருக்கிறது. ஏன்?
— கல்லூரி விரிவுரையாளர், திருமங்கலம்

பிப் கோப்பையே எடிட்டரில் திறந்து, சிக்கலான பதிவின் 'ஃபைல்' வரியைக் கண்ணால் பாருங்கள். பாதிப் பேர் இதைச் செய்யாமலே நிரலை அழித்து மறுபடி நிறுவுகிறார்கள்.

அந்த வரியே இல்லையென்றால் இரண்டில் ஒன்று: பிடிஎஃப் எந்தப் பதிவுக்கும் கீழே சேராமல் ஸோட்டெரோவில் தனியாகக் கிடக்கிறது, அல்லது பெட்டர் பிப்டெக் அமைப்பில் 'ஏற்றுமதியில் விட வேண்டிய புலங்கள்' பட்டியலில் யாரோ 'ஃபைல்' என்று எழுதியிருக்கிறார்கள். தனியாகக் கிடக்கும் பிடிஎஃப்பை இழுத்து உரிய பதிவின்மேல் விட்டால் அதன் கீழே போய்ச் சேர்ந்துவிடும்.

வரி இருக்கிறது, ஆனால் விண்டோஸ் பாதை விநோதமாகத் தெரிகிறது என்றால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு பின்சாய்கோடும் இரட்டையாகவும், டிரைவ் எழுத்தை அடுத்த முக்காற்புள்ளிக்கு முன் ஒரு பின்சாய்கோடும் இருப்பது சரியே. இந்த வரியில் முக்காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்கும் தனி வேலை உண்டு. ஒரே கோப்பின் தலைப்பு, பாதை, வகை ஆகியவற்றைப் பிரிப்பது முக்காற்புள்ளி. ஒரு கோப்பிலிருந்து அடுத்த கோப்பைப் பிரிப்பது அரைப்புள்ளி. 'சி' டிரைவின் முக்காற்புள்ளி பிரிப்பானாகப் படிக்கப்படக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சாய்கோடு. 'அசிங்கமாக இருக்கிறது' என்று கையால் திருத்தினீர்களானால், நன்றாக இருந்த லிங்க் அப்போதுதான் உடையும்.

இதேபோல இன்னொரு தவறு: கோப்புப் பெயரில் அடிக்கோடு வந்தால் லேடெக் பழக்கத்தில் அதற்கு முன் ஒரு பின்சாய்கோடு போடுவது. தலைப்புப் புலத்தில் அது தேவை. 'ஃபைல்' புலம் எழுத்துக்கு எழுத்து அப்படியே படிக்கப்படுவது. அங்கே போட்டால் இல்லாத ஒரு கோப்பைத் தேடும்.

பாதை சரியா என்று சோதிக்க, இரட்டைச் சாய்கோடுகளை ஒற்றையாக்கி, முக்காற்புள்ளிக்கு முன்னுள்ள சாய்கோட்டை நீக்கி, ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் ஒட்டி என்டர் தட்டுங்கள். திறந்தால் சிக்கல் எடிட்டர் பக்கம். திறக்காவிட்டால் கோப்பு அங்கே இல்லை. எடிட்டரை நோண்டிப் பயனில்லை. ஸோட்டெரோவில் பதிவு இருந்தும் கோப்பு இன்னும் அந்தக் கணினிக்கு இறங்காமல் இருக்கலாம். கணக்கு வழியாக ஒத்திசைப்பவர்களுக்கு இலவச இடம் 300 எம்பி. ஸ்கேன் நூல்கள் பத்து இருபதிலேயே அது நிரம்பிவிடும். பதிவுகள் ஒத்திசைவாகிக்கொண்டே இருக்கும், பிடிஎஃப்கள் நின்றுவிடும்.

இணையப்பக்கம் திறப்பதற்குக் காரணம், ஒரே பதிவில் பிடிஎஃப்பும் ஸ்னாப்ஷாட்டும் (இணையப்பக்கத்தின் சேமித்த நகல்) சேர்ந்திருப்பது. அரைப்புள்ளிக்கு முன் எது இருக்கிறதோ அதுவே முதலில் நிற்கும். ஸ்னாப்ஷாட் வேண்டாம் என்றால் ஸோட்டெரோ செட்டிங்ஸ், ஜெனரல் பகுதியில் தானாக ஸ்னாப்ஷாட் எடுக்கும் கட்டத்தின் டிக்கை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்தவற்றைக் கையால்தான் நீக்க வேண்டும்.

கேள்வி: கல்லூரி ஆய்வகக் கணினி ஒன்று, வீட்டு லேப்டாப் ஒன்று. பிடிஎஃப்களைப் பென் டிரைவில் வைத்து லிங்க் செய்திருக்கிறேன். ஆய்வகத்தில் பென் டிரைவ் 'இ' என்று வருகிறது, வீட்டில் 'எஃப்' என்று வருகிறது. ஓரிடத்தில் திறப்பது இன்னோரிடத்தில் திறப்பதில்லை.
— முனைவர் பட்ட ஆய்வாளர், உசிலம்பட்டி

மதுரையில் முகவரி சொல்வதை நினைத்துப் பாருங்கள். மாசி வீதிக்குள் ஆவணி மூல வீதி, அதற்குள் சித்திரை வீதி, கோயிலுக்குள் ஆடி வீதி என்று வெளியிலிருந்து உள்ளே அடுக்கிச் சொல்வது முழுப் பாதை. 'இங்கிருந்து இரண்டாவது சந்தில் மூன்றாவது வீடு' என்பது சார்புப் பாதை. நிற்கும் இடத்தைப் பொறுத்தது. உங்கள் லிங்க்கில் இருப்பது முழுப் பாதை. அதில் ஊர்ப் பெயரான டிரைவ் எழுத்தே மாறிவிட்டால் பின்னால் உள்ள வீதியெல்லாம் சரியாக இருந்தும் வீடு கிடைக்காது.

ஸோட்டெரோவில் இரண்டு விதமான இணைப்பு உண்டு. 'ஸ்டோர்டு' என்றால் பிடிஎஃப், ஸோட்டெரோவின் சொந்த ஃபோல்டருக்குள், 'ஸ்டோரேஜ்' என்பதன் கீழ், எட்டு எழுத்துகள் கொண்ட ஏதோவொரு பெயருள்ள உள்ஃபோல்டரில் போய் உட்காரும். 'லிங்க்டு' என்றால் கோப்பு உங்கள் இடத்திலேயே இருக்கும், ஸோட்டெரோ பாதையை மட்டும் குறித்துக்கொள்ளும். உங்களுடையது இரண்டாவது. அதற்கு மருந்து: செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, 'ஃபைல்ஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்', 'லிங்க்டு அட்டாச்மென்ட் பேஸ் டைரக்டரி'. ஆய்வகத்தில் 'இ' டிரைவின் நூல்கள் ஃபோல்டரையும் வீட்டில் 'எஃப்' டிரைவின் நூல்கள் ஃபோல்டரையும் அங்கே அடித்தளமாகக் காட்டுங்கள். அதன்பின் ஸோட்டெரோ அடித்தளத்துக்குக் கீழே உள்ள பகுதியை மட்டுமே நினைவில் வைக்கும். அடித்தளத்துக்குக் கீழே ஃபோல்டர் அமைப்பு இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவே. லிங்க்டு கோப்புகளை ஸோட்டெரோ கணக்கு தூக்கிச் செல்லாது. குழு நூலகங்களில் அவற்றைச் சேர்க்கவும் விடாது.

இது ஸோட்டெரோவுக்குள் தீர்வு. எடிட்டருக்கு? பெட்டர் பிப்டெக் எழுதும் பிப் கோப்பில் அந்தந்தக் கணினியின் முழுப் பாதைதான் இறங்கும். எனவே பிப் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லாதீர்கள். ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக ஏற்றுமதி செய்து, அந்தக் கணினியிலேயே வைத்திருங்கள். ஆய்வேட்டுக் கோப்பு மட்டும் பயணம் செய்யட்டும்.

லேப்டாப் உங்களுடையது என்பதால் இன்னொரு வழியும் இருக்கிறது. விண்டோஸ் விசை+எக்ஸ் அழுத்தி 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து, பென் டிரைவ் மேல் வலது சொடுக்கு செய்து, 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' வழியாக ஆய்வகத்தில் வரும் அதே 'இ' எழுத்தைக் கொடுத்துவிடலாம். அந்தப் பென் டிரைவுக்கு அதே எழுத்தை லேப்டாப் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆய்வகக் கணினியில் அட்மின் அனுமதி இல்லாவிட்டாலும் கவலையில்லை, மாற்றுவது வீட்டில்தானே. ஆனால் ஆய்வகத்தில் வேறொருவர் முன்னதாக ஒரு பென் டிரைவ் செருகியிருந்தால் உங்களுடையது அங்கே வேறு எழுத்துக்குத் தள்ளப்படும். முழுதாக நம்ப முடியாத ஏற்பாடுதான்.

உண்மையில் உங்கள் நிலையில் ஜாப்ரெஃப் பொருத்தமானது. அதற்குத் தனித் தரவுத்தளமே கிடையாது. பிப் கோப்புதான் தரவுத்தளம். பிரெஃபரன்சஸ், 'லிங்க்டு ஃபைல்ஸ்' பகுதியில் 'பிப் கோப்பு இருக்கும் இடத்தைச் சார்ந்து கோப்புகளைத் தேடு' என்ற பொருள் தரும் தெரிவை எடுத்துக்கொண்டு, பிப் கோப்பையும் பிடிஎஃப் ஃபோல்டரையும் பென் டிரைவில் அடுத்தடுத்து வையுங்கள். பழைய முழுப் பாதைகளை மாற்ற, எல்லாப் பதிவுகளையும் தேர்ந்தெடுத்து ஆல்ட்+எஃப்8 அழுத்தினால் 'கிளீனப் என்ட்ரீஸ்' வரும். அதில் லிங்க் பாதைகளைச் சார்புப் பாதையாக்கும் கட்டத்தில் டிக் வைத்து ஓட்டுங்கள். அதற்கு முன் பிப் கோப்புக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்வது நல்லது. பிறகு எஃப்4 அழுத்தினால் தேர்ந்தெடுத்த பதிவின் கோப்பு திறக்கும். எஃப்7, மேற்கோள் குறியின் பெயரில் இருக்கும் கோப்புகளைத் தேடித் தானே இணைக்கும். கண்ட்ரோல்+எல், தேர்ந்தெடுத்த மேற்கோளை டெக்ஸ்டுடியோ, இமேக்ஸ், விம் போன்ற எடிட்டருக்குத் தள்ளிவிடும்.

எந்த வழியில் போனாலும், பென் டிரைவ் ஒரே பிரதியாக இருக்கக் கூடாது. கூகுள் டிரைவ் மாதிரியான ஒத்திசைவு ஃபோல்டரில் பிடிஎஃப்களை வைக்கலாம். ஸோட்டெரோவின் தரவு ஃபோல்டரை வைக்கக் கூடாது. அதில் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை, ஸோட்டெரோ எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒத்திசைவு நிரல் நகலெடுத்தால் தரவு கெட்டுப்போகும். நூலகமே திறக்காமல் போவது பெரும்பாலும் இந்தப் பிழையில்தான்.

கேள்வி: தமிழ்த் தலைப்பிலேயே கோப்புப் பெயர் வைக்கிறேன். விண்டோஸில் திறப்பவை லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது சில வருவதேயில்லை. சில வந்தும் லிங்க் வேலை செய்யவில்லை, பெயர் கண்ணுக்கு அச்சு அசல் ஒன்றாகவே தெரிகிறது.
— தொல்லியல் மாணவர், திருப்புவனம்

நகலாகாதவற்றுக்கும் லிங்க் உடைந்தவற்றுக்கும் வேறு வேறு காரணம்.

நகலாகாதது நீளத்தால். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டு வடிவில் கோப்புப் பெயருக்கு 255 யூனிகோட் குறிகள். லினக்ஸின் இஎக்ஸ்டி4 வட்டு வடிவில் 255 பைட். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றேபோல. தமிழில் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும். உயிர்மெய் எழுத்து பெரும்பாலும் இரண்டு குறி. 'திருப்பரங்குன்றம்' என்பதை எண்ணிப் பாருங்கள்: கண்ணுக்கு 10 எழுத்து, கணினிக்கு 17 குறி, லினக்ஸுக்கு 51 பைட். அந்தப் பெயரை இடைவெளியில்லாமல் ஐந்து முறை எழுதினால் சரியாக 255 பைட். புள்ளியும் பிடிஎஃப் நீட்டிப்பும் வைக்கக்கூட இடமில்லை. 'கீழடி அகழாய்வு அறிக்கை' என்று தொடங்கி உட்தலைப்பு, ஆண்டு, பதிப்பகம் வரை பெயரில் ஏற்றினால் விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும், லினக்ஸ் மறுக்கும். விண்டோஸிலும் மொத்தப் பாதை 260 குறியைத் தாண்டினால் பல நிரல்கள் தடுமாறும் என்பது தனிக்கதை.

லிங்க் உடைவது இரட்டைக் குறியீட்டால். 'கொ' என்பதை க-வுடன் ஒரே கொம்புக்கால் குறி சேர்த்தும் எழுதலாம். க-வுடன் கொம்பு, பிறகு கால் என்று இரண்டு குறி சேர்த்தும் எழுதலாம். 'கொற்கை', 'கொடுமணல்' இரண்டிலும் இது வரும். திரையில் வித்தியாசமே தெரியாது; கோப்பைத் தேடும் கணினிக்கு இரண்டும் வேறு பெயர். பழைய மேக் வட்டுகள் கோப்புப் பெயரைப் பிரித்த வடிவில்தான் எழுதும். எனவே மேக்கிலிருந்து வந்த கோப்பும் விண்டோஸில் தட்டிய பிப் வரியும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். சில விசைப்பலகை நிரல்களும் இரண்டு குறியாகவே தட்டும். சோதிக்க எளிய வழி: பெயரை எடிட்டரில் ஒட்டி, 'கொ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். 'க' மிஞ்சினால் ஒரே குறி. 'கெ' மிஞ்சினால் இரண்டு.

இதைவிட மோசமானது 'கௌ'. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகர எழுத்தும் சேர்த்துத் தட்டியிருந்தால் ('கெள') எந்தச் சீராக்கும் நிரலும் அதைச் சரி செய்யாது. அது எழுத்துப் பிழை.

எங்கள் கருத்து: கோப்புப் பெயரில் தமிழ் வேண்டாம். தமிழ்ப்பற்றுக்கு இடம் தலைப்புப் புலம். அங்கே முழுத் தலைப்பையும் தமிழில் எழுதுங்கள், தேடும்போது அதுதான் கண்ணில் படும். கோப்புக்கு மேற்கோள் குறியையே பெயராக வையுங்கள்: ஆசிரியர் பெயர் ஆங்கில எழுத்தில், ஆண்டு, ஒரு சொல். இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. இமேக்ஸில் 'சிட்டார்-லைப்ரரி-பாத்ஸ்' மாறியில் பிடிஎஃப் ஃபோல்டரைக் கொடுத்தால், 'ஃபைல்' வரியே இல்லாவிட்டாலும் மேற்கோள் குறியின் பெயரில் உள்ள கோப்பை அது கண்டுபிடித்துவிடும். பாதை மாறினாலும், டிரைவ் மாறினாலும் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் தீர்ந்தது. உசிலம்பட்டி வாசகருக்கும் இது உதவும்.

ஜாப்ரெஃபில் இந்தப் பெயர்மாற்றம் மொத்தமாக நடக்கும். 'லிங்க்டு ஃபைல்ஸ்' அமைப்பில் பெயர் வடிவத்தை மேற்கோள் குறி என்று வைத்து, ஆல்ட்+எஃப்8-இல் பிடிஎஃப் பெயர்மாற்றக் கட்டத்தை டிக் செய்தால், கோப்பின் பெயரும் லிங்க்கும் சேர்ந்தே மாறும். ஸோட்டெரோவில் தமிழ்ப் பெயரையே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஜெனரல் பகுதியில் கோப்புப்பெயர் வடிவத்தைத் திறந்து, தலைப்பு 100 குறியில் வெட்டப்படும் இடத்தில் 30 என்று மாற்றுங்கள். லிங்க்டு கோப்புகளை ஃபைல் எக்ஸ்புளோரரில் போய்ப் பெயர் மாற்றக் கூடாது. ஸோட்டெரோவுக்குத் தெரியாமல் செய்தால் லிங்க் அறுந்துவிடும்.

கேள்வி: விம் பயன்படுத்துகிறேன். எனக்கு ஏதாவது வழி?
— மென்பொருள் பணியாளர், மேலூர்

விம்டெக் பிளக்-இன் போட்டிருந்தால் வழி ஏற்கெனவே இருக்கிறது. மேற்கோள் குறிமேல் கர்சரை வைத்துப் பின்சாய்கோடு, எல், ஏ என்று வரிசையாகத் தட்டுங்கள். லோக்கல்-லீடர் விசையை மாற்றியிருந்தால் பின்சாய்கோட்டுக்குப் பதில் அது. சிறு மெனு வரும், 'ஃபைல்' வரி உள்ள பதிவுகளுக்கு அதில் பிடிஎஃப் திறக்கும் தெரிவும் இருக்கும். எந்த நிரலில் திறக்க வேண்டும் என்பதை 'விம்டெக்-கான்டெக்ஸ்ட்-பிடிஎஃப்-வியூவர்' மாறியில் குறிக்கலாம். சொற்களுக்கு இடையே விம் அமைப்பில் அடிக்கோடு வரும்.

கேள்வி: குறிப்புகளை மார்க்டவுனில் எழுதுகிறேன். நூல் திறந்தால் போதாது. குறிப்பிட்ட பக்கத்திலேயே திறக்க வேண்டும். லிங்க்கைக் கையால் எழுதினால் ஸோட்டெரோ முன்னுக்கு வருகிறது, நூல் திறக்கவில்லை.
— வாசகர், கே.கே. நகர், மதுரை

நீங்கள் நூல் பதிவின் குறியைப் போட்டிருப்பீர்கள். பதிவுக்கு ஒரு எட்டெழுத்துக் குறி, அதன் கீழே இருக்கும் பிடிஎஃப்புக்கு வேறொரு எட்டெழுத்துக் குறி. பிடிஎஃப்பைத் திறக்கும் லிங்க்குக்கு இரண்டாவதுதான் வேண்டும். ஸ்டோர்டு கோப்பு என்றால் அதன்மேல் வலது சொடுக்கு செய்து 'ஷோ ஃபைல்' கொடுங்கள்; திறக்கும் ஃபோல்டரின் பெயரே அந்தக் குறி. லிங்க்டு கோப்புக்கு இந்தத் தந்திரம் செல்லாது, ஃபோல்டர் பெயர் நீங்கள் வைத்ததுதானே.

லிங்க்கின் அமைப்பு இது: ஸோட்டெரோ, முக்காற்புள்ளி, இரண்டு முன்சாய்கோடு, ஓப்பன்-பிடிஎஃப், சாய்கோடு, லைப்ரரி, சாய்கோடு, ஐட்டம்ஸ், சாய்கோடு, அந்த எட்டெழுத்துக் குறி. பக்கத்துக்கு, இறுதியில் கேள்விக்குறி, 'பேஜ்', சமக்குறி, எண். எண் என்பது பிடிஎஃப்பில் எத்தனையாவது பக்கம் என்பது. முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் ஸ்கேனில் முதலில் வருவதால், அச்சில் 112 என்றிருப்பது பிடிஎஃப்பில் 130-ஆக இருக்கக்கூடும். ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் அச்சுப் பக்கம், லிங்க்கில் பிடிஎஃப் பக்கம். இரண்டையும் குழப்பினால் வாய்மொழித் தேர்வில்தான் தெரியவரும்.

கையால் எழுதவே வேண்டாம் என்றால், ஸோட்டெரோவின் உள் ரீடரில் வரியை மஞ்சளில் குறித்து, அந்தக் குறிப்பை எடிட்டருக்கு இழுத்து விடுங்கள். செட்டிங்ஸ், எக்ஸ்போர்ட் பகுதியில் குறிப்பு வடிவம் மார்க்டவுன் என்றும், ஸோட்டெரோ லிங்க்குகளைச் சேர்க்கும் கட்டத்தில் டிக்கும் இருந்தால் மேற்கோள் வரியும் பக்க லிங்க்கும் சேர்ந்தே வந்து விழும். இது 2022-இல் வந்த ஸோட்டெரோ 6 முதல் உண்டு.

லினக்ஸில் டார் கோப்பாக இறக்கி நிறுவியவர்களுக்கு லிங்க்கைச் சொடுக்கினால் ஒன்றுமே நடக்காது. ஸோட்டெரோ ஃபோல்டரில் உள்ள 'செட்-லாஞ்சர்-ஐகான்' ஸ்கிரிப்ட்டை ஒருமுறை ஓட்டி, டெஸ்க்டாப் கோப்பைப் பயனரின் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் இணைத்த பிறகே, இப்படித் தொடங்கும் முகவரி யாருக்குரியது என்று கணினிக்குத் தெரியும்.

கேள்வி: நெறியாளர் ஓவர்லீஃபில் பார்க்கிறார். அங்கேயும் பிடிஎஃப் திறக்க வைக்க முடியுமா? பிப் கோப்பை அப்படியே அனுப்பலாமா?
— ஆய்வு மாணவர், வாடிப்பட்டி

முடியாது. ஓவர்லீஃப் உலாவிக்குள் ஓடும் லேடெக் எடிட்டர். உங்கள் வட்டின் பாதை அதற்கு வெறும் எழுத்து. அப்படியே அனுப்பவும் வேண்டாம். 'ஃபைல்' வரியில் உங்கள் கணினியின் பயனர் பெயரும் ஃபோல்டர் பெயர்களும் வெட்டவெளிச்சமாக இருக்கும். 'நெறியாளர் திருத்தம் பயங்கரம்' என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்திருந்தால் அதையும் அவர் படிப்பார்.

பிப் கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் அந்த வரிகளை நீக்குங்கள். இமேக்ஸில் 'ஃப்ளஷ்-லைன்ஸ்' கட்டளைக்கு, வரித் தொடக்கக் குறியும் சில வெற்றிடமும் அடுத்து 'ஃபைல் =' என்பதும் கொண்ட வடிவத்தைக் கொடுத்தால் எல்லாம் ஒரே மூச்சில் போய்விடும். முந்தைய வரியின் கடைசியில் காற்புள்ளி மிஞ்சினாலும் பாதகமில்லை. மூலக் கோப்பில் நீக்கினால் ஸோட்டெரோ அடுத்த புதுப்பிப்பில் எல்லாவற்றையும் திரும்ப எழுதிவிடும்.

கேள்வி: எடிட்டர் எல்லாம் எனக்கு வராது. வேர்டில்தான் எழுதுகிறேன்.
— தமிழாசிரியர், சோழவந்தான்

வேர்டில் மேற்கோளைச் சொடுக்கினால் பிடிஎஃப் நேராகத் திறக்காது. மேற்கோள்மேல் கர்சரை வைத்து ஸோட்டெரோ பட்டையில் 'ஆட்/எடிட் சைட்டேஷன்' அழுத்துங்கள். வரும் பெட்டியில் மேற்கோள் குமிழைச் சொடுக்கினால் 'ஓப்பன் இன் மை லைப்ரரி' என்ற பொத்தான் இருக்கும். அது ஸோட்டெரோவில் அந்தப் பதிவின்மேலேயே கொண்டுபோய் நிறுத்தும். அதை இருமுறை சொடுக்கினால் பிடிஎஃப். திரும்ப வேர்டுக்கு வந்ததும் அந்தப் பெட்டியை எஸ்கேப் விசையால் மூட மறக்காதீர்கள். திறந்தே கிடந்தால் அடுத்த மேற்கோளைச் சேர்க்க முடியாமல் நின்றுவிடும்.